மையவாடிப் பட்டியலை இணைத்த வேலை

எங்கள் பள்ளிவாசல் மையவாடியில் யார் எங்கே அடக்கப்பட்டிருக்கிறார் என்று சொல்லக் கல்வெட்டு ஏதும் இல்லை. கபுறின் தலைமாட்டில் நடுகிற மீஸான் கட்டைகளும் உப்புக்காற்றில் உக்கி விழுந்துவிடும். பெயரும் வரிசையாக எண்ணிப் போட்ட கபுறு இலக்கமும் அலுவலகக் கணினியில் மட்டும்தான் இருந்தன. ஏதோ கம்பனி காசுக்கு விற்ற பழைய தரவுத்தள சேர்வர் அது. இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல வலைச்செயலி ஒன்றோடு அதை இணைத்து, கைத்தொலைபேசியிலும் பார்க்கச் செய்கிறேன் என்று பெரிய கெட்டிக்காரன் மாதிரி நான்தான் முன்னுக்குப் போனேன்.

சும்மாவா விட்டது அந்த சேர்வர்! தன் கம்பனிச் சாமான் அல்லாத எதையும் கிட்ட அண்டவிடவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்து, நடுவில் ஓர் இணைப்பு மென்பொருளைப் போட்டு, ஒருவழியாக இரண்டையும் கதைக்கவைத்தேன். சோதனைக்கு நாலைந்து பெயர்களை அடித்துப் பார்த்தேன், ஆங்கில எழுத்தில். வாட்ஸ்அப்பில் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய கை. எல்லாம் ஒழுங்காக வந்தன. பழைய பெயர்களைத் திறந்துகூடப் பார்க்காமல், பட்டியல் முழுவதையும் புதிய ஒழுங்குக்கு மாற்றிச் சேமித்தேன். பிரதி எடுத்து வைக்கவில்லை. ஐந்து நிமிட வேலை அது. மடையன்!

தமிழ் எழுத்துக்கான அமைப்பை இணைப்பில் நான் போட்டிருக்கவில்லை. தமிழில் இருந்த அத்தனை பெயர்களும் கேள்விக்குறிகளாகவே பதிவாகிவிட்டன. பள்ளிவாசல் எழுதுவினைஞரிடம் பழைய பதிவுக் கொப்பிகளைக் கேட்டேன்.

"அதெல்லாம் கறையான் திண்டு முடிச்சிட்டு தம்பி. அதாலதானே கொம்பியூட்டருக்குப் போட்டம்," என்றார்.

அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து ஒருவர் வந்தார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாளில் கட்டாரில் இருந்தவர். அதில் மௌத்தான மனைவியை அடக்கியதைப் பார்க்காதவர். இடையில் லீவில் வந்தபோதெல்லாம் மையவாடிக்குப் போக மனம் வரவில்லையாம். இப்போது ஒரேயடியாகத் திரும்பிவிட்டார்.

"என்ட பொண்டாட்டிட கபுறு எத்தினையாம் நம்பர் மகன்? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க. அவக்கிட்ட நிண்டு ஸலாம் சொல்லணும்."

அந்தத் தேதியைத் தேடினேன். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம், பயம், இரண்டும்தான். வாய்க்கு வந்த ஓர் இலக்கத்தைச் சொன்னேன்.

"அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் மகன்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கபுறடியில்தான் நிற்கிறார். போன கிழமை அலுவலகத்துக்கு வந்து, தான் மௌத்தானால் அதற்குப் பக்கத்திலேயே தன்னையும் அடக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அதைக் கணினியில் பதிந்தது நான்தான்.