நாலு ரிமோட்டுக்கு ஒரு ரிமோட்

எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது ஊர் கூடித் தேர் இழுக்கிற காரியம். ஒருத்தர் கை வைக்காவிட்டாலும் தேர் நகராது. டிவிக்கு உயிர் கொடுக்கும் ரிமோட் அண்ணனிடம் இருந்தது. சேனல் மாற்றும் பெட்டியின் ரிமோட் அம்மாவின் ஆட்சியில். டிவிடி பிளேயருக்கு நான் பொறுப்பு. வீட்டிலிருந்த டிவிடிகளில் பாதி கீறல் விழுந்தவை என்பதால் எனக்குப் பதவி உண்டு, வேலை கிடையாது. நாலாவது, ஹோம் தியேட்டரின் ரிமோட். சத்தம் முழுக்க அதில்தான் இருந்தது. அது அப்பாவின் சட்டைப் பையை விட்டு இறங்காது.

அந்த ஹோம் தியேட்டரை அப்பா யாரையும் கேட்காமல் ஒருநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு லோடு வண்டி. கூக்கால் கிராமத்தில் கேரட்டும் பூண்டும் ஏற்றி, மலையிறங்கிச் சந்தையில் போட்டுவிட்டுத் திரும்புவார். கொடைக்கானலில் ஒரு காட்டேஜை மூடியபோது அங்கிருந்த சாமான்களை விற்றார்களாம். எல்லாரும் கட்டில், பீரோ என்று வாங்கிக்கொண்டு போக, அப்பா மட்டும் ஐந்து ஸ்பீக்கரும், தரையே அதிரும்படி அடிக்கிற ஒரு பெரிய ஊஃபர் பெட்டியும் வாங்கி வந்தார். பெருமாள்மலையில் எங்கள் வீடு மொத்தமே இரண்டு அறை. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரு ஸ்பீக்கர் தோளில் இடிக்கும். எனக்கும் அண்ணனுக்கும் தலைகால் புரியவில்லை. தெருவிலேயே, ஏன், பெருமாள்மலையிலேயே இப்படியொரு சத்தம் வேறு யார் வீட்டில் உண்டு?

அம்மாவுக்குத்தான் அது ஆகவில்லை. டிவியின் சொந்தச் சத்தத்தை அண்ணன் செட்டிங்கிற்குள் போய் அடியோடு அமர்த்தி வைத்துவிட்டான். இரண்டு சத்தமும் சேர்ந்தால் கிணற்றுக்குள் பேசுவதுபோல் கேட்கும் என்பது அவன் கட்சி. மத்தியானம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்போம். அம்மா சீரியல் பார்க்க உட்காருவாள். மாமியாரும் மருமகளும் வாயை வாயை அசைப்பார்கள், ஒரு வார்த்தை கேட்காது. சத்தத்தின் ரிமோட் அப்பாவின் சட்டைப் பையில் கூக்காலுக்குப் போயிருக்கும். கதையில் முக்கியமான ஒரு ரகசியம் உடைந்த அன்று, அது என்ன ரகசியம் என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஒங்க தங்கச்சி ஆடலூர்லருந்து வருதுல்ல? அதுக்குள்ள ஒரே ஆளு, ஒத்தக் கையில போட்டுப் பாக்குற மாதிரி செஞ்சு குடுங்க. இல்லன்னா இத ஜீப்புல ஏத்தி அவங்களுக்கே குடுத்து விட்டுருவேன்."

அத்தை ஏற்கெனவே அந்த ஸ்பீக்கர்கள்மேல் கண் வைத்து, போனில் இரண்டு தடவை விசாரித்திருந்தாள். நாத்தனாருக்குக் கொடுக்கிறேன் என்று ஒருத்தி தானாகவே வாய்விட்டுச் சொன்னால், அவள் எவ்வளவு வெறுத்துப் போயிருக்க வேண்டும்! அப்பாவோ டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா இன்னொரு தடவையும் சொல்லிவிட்டு, "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று எழுந்து போனாள். அப்பாவிடம் எதையாவது சொல்லி முடித்ததும் அவள் வழக்கமாகச் சொல்லுகிற பழமொழி அது.

அப்பாவின் சத்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நாங்கள் எல்லோரும் நம்பினோம். எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. மேகம் இறங்கினால் வாசல் வழியாக உள்ளே வந்து, கூடத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படி வழியாக வெளியே போகும். "மேகம் உள்ள வந்தா சத்தம் அமுங்கிரும்" என்பார் அப்பா. உடனே சத்தத்தை ஏற்றுவார். அண்ணன் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவான். இது எங்கள் வீட்டு விஞ்ஞானம். வகுப்பில்கூட இதைச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் மறுக்கவில்லை, அவரும் பெருமாள்மலைக்காரர்தான்.

சனிக்கிழமை அப்பா எங்கள் இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் பஜாருக்குப் புறப்பட்டார். யுனிவர்சல் ரிமோட் என்று ஒன்று இருக்கிறது, நாலு ரிமோட்டின் வேலையை அது ஒன்றே செய்யும் என்று அண்ணன் தன் கூட்டாளியிடம் கேட்டு வந்திருந்தான். உலகத்தையே ஆளப்போகிறவள்போல நான் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கடைக்கார பாய் அப்பாவுக்குப் பழக்கம். கண்ணாடிப் பெட்டிமேல் மூன்று ரிமோட்டுகளை வரிசையாக வைத்தார்.

"இது டிவிக்கு மட்டும் ஆகும்ணே, ஒங்களுக்கு ஆகாது. இது நம்பர் போடுற தினுசு. கம்பெனிக்கு ஒரு நம்பர், அத அமுக்கி அமுக்கிப் பாக்கணும். ஒங்க பொட்டி பழசு, அதுக்கு நம்பர் கெடைக்குமோ என்னமோ. இது கத்துக்கிடுற ரிமோட்டு. பழச எதுத்தாப்புல வச்சுக் காட்டுனா, அது செய்றதெல்லாம் இதுவும் செய்யும்."

கற்றுக்கொள்ளும் ரிமோட்! எனக்குக் கை பரபரத்தது. அண்ணன் இரண்டாவதில் எரிந்த நீல விளக்கில் மயங்கி நின்றான். எங்களுக்குள் முழங்கைச் சண்டை தொடங்கியது. அப்பா எதையும் கவனிக்கவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான்.

"சத்தம் இதுலயே ஏறுமா பாய்?"

பாய் பேட்டரி எடுக்கக் குனிந்திருந்தார். "ஏறும்ணே, தாராளமா ஏறும்" என்று கீழேயிருந்தே சொன்னார். அப்பா மறுபடியும், இன்னும் உரக்க, அதையே கேட்டார். பாய் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "கொடைக்கானல் பூரா கேக்கும்ணே" என்றார். அப்பா சிரித்தபடி மூன்றாவதை எடுத்துக்கொண்டார். ஒரு சாமான் வாங்கினால் இப்படித்தான் கேட்டதையே திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். இன்றும் கடைகளில் அப்படித்தான் கேட்கிறேன், கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் பாய் விரித்துப் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. புது ரிமோட்டையும் பழையதையும் முட்டப்போகிற ஆட்டுக்கிடாய்கள்போல மூக்குக்கு மூக்கு வைக்க வேண்டும். புதியதில் ஒரு பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். உடனே பழையதில் அதே வேலைக்கான பொத்தானை அமுக்க வேண்டும். விளக்கு இரண்டு தடவை சிமிட்டினால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். முதல் சிமிட்டலைப் பார்த்ததும் நான் கத்திய கத்தலில் தெருநாய் குரைத்தது.

"மொதல்ல சத்தத்தச் சொல்லிக் குடு பாப்பா" என்றார் அப்பா. எல்லா ரிமோட்டிலும் கடைக்குட்டியான டிவிடியை வைத்திருந்த எனக்கு, எல்லாவற்றிலும் பெரிய பாடத்தை நடத்தும் வாய்ப்பு! சத்தம் ஏற்றும் பொத்தானுக்கு நான், இறக்கும் பொத்தானுக்கு அண்ணன் என்று பிரித்துக்கொண்டோம். அம்மா அடுப்படி வாசலில் பூண்டு உரித்தபடி, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள்போல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுவதற்குள் நாலு ரிமோட்டின் வித்தையும் ஒன்றுக்குள் போய்விட்டது. எத்தனை தடவை அமுக்கினாலும் அமுக்கியது நடந்தது. அம்மா கையில் கொடுத்தோம். சீரியலைப் போட்டு, சத்தத்தையும் ஏற்றி, அவளையும் மீறி ஒரு சிரிப்புச் சிரித்தாள். ஆனாலும் தீர்ப்பை மாற்றவில்லை. "நாளைக்கு ஆளுக வந்த பொறகு இதே மாதிரி ஓடட்டும், பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் மாமாவும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். மாமா தோளில் ஒரு மலைவாழைத் தார், ஆடலூரில் அவர்கள் தோட்டத்தில் விளைந்தது. கூடத்தில் அதை இறக்கிச் சாத்தி வைத்தார். அத்தை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஸ்பீக்கர்களை எண்ணிவிட்டாள். அவர்கள் உள்ளே வருவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்ததில், பின்னாலேயே மேகமும் விருந்தாளியாக வந்துவிட்டது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்பா வழக்கம்போல ஊஃபர் பெட்டியை ஒட்டி, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆசையாகத் தட்டிக்கொடுக்கிறார் என்றுதான் நாங்கள் நினைப்போம். ரிமோட் என் கையில். டிவி வந்தது. சேனல் வந்தது. பாட்டுக்கு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் வரவில்லை.

அமுக்கினேன். வரவில்லை. அண்ணன் பிடுங்கி அமுக்கினான். வரவில்லை. அத்தை மாமாவைப் பார்த்த பார்வையில் ஜீப்பில் எங்கே இடம் இருக்கிறது என்ற கணக்கு ஓடியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேகம் வந்துருச்சுல்ல, அதான். ஏலே, கதவச் சாத்து" என்றார் அப்பா. அண்ணன் கதவைச் சாத்தினான். ஜன்னலைச் சாத்தினான். மாமாவும் எழுந்து துண்டால் மேகத்தை அடுப்படிப் பக்கம் விரட்டினார். ரிமோட்டைத் திரும்ப வாங்கி, விட்டேனா பார் என்று சத்தம் ஏற்றும் பொத்தானை அமுக்கியபடியே நான் நின்றேன்.

"அட, இந்தத் தார யாரு இங்க வச்சது?" என்று அம்மா குனிந்து வாழைத்தாரை நகர்த்தினாள். ரிமோட் சொல்வதை வாங்கிக்கொள்கிற ஊஃபர் பெட்டியின் கண்ணை அதுவரை மறைத்துக்கொண்டு நின்றது அந்தத் தார்தான்.

வீடு அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதி ஆடின. அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். மாமா துண்டைப் போட்டுவிட்டார். பயத்தில் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் ஏதோ கத்தினான், வாய் மட்டும் அசைந்தது.

அப்பா ஒருவர்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.

அத்தையும் மாமாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் சிரித்தான். நானும் குதித்துக் குதித்துச் சிரித்தேன். அப்பா எங்கள் கட்சி! அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். டிவியைப் பார்க்காமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு இறக்கினாள். மற்றவர்களுக்கு அளவாகக் கேட்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "காப்பி கொண்டாரவாங்க?" என்றாள். அப்பா திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். அதற்கும் திரும்பவில்லை.

நான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது அந்தச் சங்குப் பழமொழி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அன்றைக்குப் பிறகு அம்மா அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சத்தத்தை மறுபடி ஏற்றி, ரிமோட்டை அப்பாவின் கையில் வைத்துவிட்டு, அத்தையிடம் சொன்னாள்: "இது இங்கேயே கெடக்கட்டும்."

ஜெயித்துவிட்டோம்! என் ரிமோட் ஜெயித்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு மறுநாளே இன்னொரு அதிசயம் நடந்தது. ஒத்தக் கையில் சீரியல் பார்க்க வழி பிறந்த அந்த வாரத்திலேயே, அம்மா சீரியலை விட்டுவிட்டாள். வெள்ளனே சோறாக்கி வைத்துவிட்டு, தலையில் கம்பளி மப்ளரைச் சுற்றிக்கொண்டு, அப்பாவோடு லோடு வண்டியில் ஏறிப் போக ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "கூக்கால்ல ஏரி இருக்குல்ல, பாக்கப் போறேன்" என்றாள். தினமுமா ஒருத்தி ஏரி பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் ரிமோட் முழுக்க முழுக்க எனக்குத்தான் என்பதே அப்போது பெரிதாக இருந்தது. சில மாதங்களில் அப்பா வண்டியை விற்றுவிட்டு பெருமாள்மலை முக்கில் பழக்கடை போட்டபோதும், டிரைவர் மகளாக இருந்தவள் முதலாளி மகளாகிவிட்டேன் என்றுதான் துள்ளினேன்.

அதற்கு முன்னால், ஒரு லீவு நாளில் என்னையும் கூக்காலுக்குக் கூட்டிப்போனார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். திரும்பும்போது ரோடே தெரியாமல் மேகம் இறங்கிவிட்டது. எங்கள் மலை டிரைவர்கள் இதற்கென்று ஒன்று சொல்வார்கள்: மேகத்தில் வண்டி ஓட்டுவது கண் இல்லை, காது. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துவிட்டு, எதிரே ஹாரன் வருகிறதா என்று கேட்டுத்தான் திருப்புவார்கள். அப்பா ஹாரன் அடித்தார். அந்தக் குளிரிலும் அம்மா தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி, மப்ளரைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு, தலையை வெளியே சாய்த்திருந்தாள். எனக்குப் பல் கிட்டியது. மூடச் சொன்னேன், மூடவில்லை.

திடீரென்று என் தலைக்கு மேலாக அவள் கை நீண்டு அப்பாவின் தோளைத் தொட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், அவளும் பார்த்தாள். சினிமாவில் வருகிற மாதிரி இதென்ன, பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு, என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டதென்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முகத்தை மடியில் புதைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து, மேகத்துக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்து எங்களை உரசாமல் கடந்து போனது.