கை நீட்டிய நாள்

அட்டையில் வெட்டிய பட்டாம்பூச்சிச் சிறகுகளை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த என் மகள், உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இரண்டு அரை டாலர் நாணயங்கள். அமெரிக்காவுக்கு வந்து பத்து வருடம் ஆகியும் அந்த நாணயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஐந்து வயதுக் கையை மூடிவிடும் அளவுக்குப் பெரிதாக, புத்தம் புதிதாக இருந்தன. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "யாரு கண்ணு குடுத்தாங்க?" என்றேன். "டவுன்ஸ்டேர்ஸ் தாத்தா" என்றாள். கத்தியை வைத்துவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனேன்.

நியூ ஜெர்சியில் ஹைலண்ட் பார்க்கில் அப்போது குடியிருந்தோம். மாடியில் நாங்கள் மூன்று பேர், கீழே வீட்டுக்காரர். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யூதர், எண்பதைத் தாண்டியவர். தெருவில் பாதிக்கு மேல் யூதக் குடும்பங்கள்தான். சனிக்கிழமைகளில் கார்கள் அசையாமல் நிற்க, குடும்பம் குடும்பமாக நடந்து ஜெப ஆலயத்துக்குப் போவார்கள். நாங்கள் ஜனவரியில் குடிவந்தோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான் அவர் மனைவி இறந்துபோனார் என்று தெரியும். அதற்கு மேல் தெரியாது. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்க வேண்டும், பனியை யார் தள்ள வேண்டும், இவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. எட்டு மணிக்கு மேல் குழந்தை ஓட வேண்டாம் என்று ஒருமுறை எங்கள் கதவில் சீட்டு ஒட்டியிருந்தார். அந்த ஒரு வரியில் 'தயவுசெய்து' என்று இரண்டு தடவை எழுதியிருந்தார்.

அன்று யூதர்களின் பூரிம் பண்டிகை. ராஜா, ராணி, தீயணைப்பு வீரர் என்று வேஷம் போட்ட பிள்ளைகள் தின்பண்டக் கூடைகளோடு வீடு வீடாகப் போவதைக் காலையிலிருந்தே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்துத்தான் என் மகளும் பள்ளியில் செய்த சிறகுகளை எடுத்து மாட்டிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்திருந்தாள்.

நான் தட்டியதும் வீட்டுக்காரர் உடனே கதவைத் திறந்தார், பின்னாலேயே நின்றிருந்தவர் போல. கழுத்தில் டை. தலையில் தங்கநிறக் காகிதத்தில் செய்த கிரீடம். அது அவருக்குக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் காதுவரை இறங்கியிருந்தது. கதவுக்குப் பக்கத்து மேசையில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய அதே நாணயங்கள். "நாங்கள் யாரிடமும் பணம் வாங்குவதில்லை, சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "இல்லை, இன்றைக்குப் பண்டிகை. குழந்தைகளுக்குக் கொடுப்பது வழக்கம்" என்றார். "நன்றி. வேண்டாம்" என்று மகளின் கையிலிருந்து நாணயங்களை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "ஓகே" என்றார். அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்தினார். மாடிக்கு வந்ததும் மகள் சிறகுகளைக் கழற்றாமல் சோபாவில் குப்புறப் படுத்து அழுதாள். "ஐ டிட்ன்ட் ஆஸ்க், அம்மா. ஹி கேவ் இட்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் சொன்ன வழக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. எங்கள் ஊரிலும் பொங்கலுக்குப் பெரியவர்கள் காசு கொடுப்பார்கள். ஆனால் காசைக் கையில் வைக்கும் இன்னொரு விதமும் எனக்குத் தெரியும். கோபிச்செட்டிபாளையத்தில் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. காரியத்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கையில் நோட்டைத் திணித்தார்கள். "வாங்கிக்க கண்ணு" என்று அம்மா சமையலறை வாசலில் நின்று தலையசைத்தாள். ஒரு பெரியப்பா மட்டும், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அம்மாகிட்டக் குடுத்துரு சாமி, அரிசி பருப்புக்கு ஆகும்" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கையில் இருந்த காகிதம் வியர்வையில் நனைந்து கசங்கியது. அதன்பின் எந்த மாமாவிடமும் தீபாவளிக் காசுகூட வாங்கியதில்லை. என் மகள் பேசக் கற்றுக்கொண்டதும் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் சில விஷயங்களில் ஒன்று, யாரிடமும் கை நீட்டக் கூடாது என்பது.

அடுத்த வாரம் பள்ளி பஸ்ஸுக்காக நின்றபோது எதிர்வீட்டுப் பெண்மணி பேச்சுக் கொடுத்தார். நான்கு பிள்ளைகளின் தாய், வேகமாகப் பேசுகிறவர். வீட்டுக்காரரின் மனைவி நாற்பது வருடமாகப் பூரிம் அன்று தெருவில் உள்ள குழந்தைகள் எல்லோருக்கும் இரண்டிரண்டு அரை டாலர் கொடுத்து வந்தாராம். அந்த நாணயம் வங்கிகளில் லேசில் கிடைக்காது. முன்னதாகவே சொல்லி வரவழைப்பாராம். இந்த வருடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கிழவர் தானே மூன்று வங்கிகளுக்கு அலைந்து வாங்கி வந்திருக்கிறார். "அதுவும் என்ன பிரயோஜனம்? என் பிள்ளைகள் சாயங்காலம் போய் மணி அடித்தார்கள், கதவைத் திறக்கவே இல்லை. இதெல்லாம் தனக்கு வராது, அவள் செய்தால்தான் சரியாக இருக்கும் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்" என்றார். பிறகு சாதாரணமாக, அந்தப் பண்டிகைக்கு ஒரு விதி உண்டு என்று சொன்னார்: அன்று யார் கை நீட்டினாலும் கொடுக்க வேண்டும், உனக்கு எதற்கு, நீ உண்மையிலேயே ஏழையா என்று விசாரிக்கக் கூடாது.

அவர் அன்று முதலில் கொடுத்த குழந்தை யார், அதைத் திருப்பிப் போட்டது யார் என்று அந்தப் பெண்மணிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பஸ் வந்தது.

இரண்டு மாதம் அந்தப் படிகளில் ஓசைப்படாமல் ஏறி இறங்கினேன். மே மாதத்தில் ஒருநாள் பால் பாயசம் வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனேன். நமக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதானே. அவர் கிண்ணத்தைப் பார்த்து மிகவும் சங்கடப்பட்டார். தங்கள் உணவு விதிகளின்படி நடக்காத சமையலறையில் சமைத்ததை அவர்கள் சாப்பிடுவதில்லை என்று விளக்கினார். நான் கொண்டுபோனதை அவராலும் வாங்க முடியவில்லை என்றதும், எனக்கு ஏனோ வாய் திறந்துவிட்டது. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோபிச்செட்டிபாளையத்து வீட்டை, பெரியப்பாவை, நனைந்த நோட்டை எல்லாம் சொன்னேன். கணவரிடம்கூட அவ்வளவு முழுதாகச் சொன்னதில்லை.

அவர் வராந்தா நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு, தான் படியில் உட்கார்ந்தார். "என் மனைவியாக இருந்தால் முதல் நாளே மாடிக்கு வந்து, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று உங்களிடம் கேட்டிருப்பாள்" என்றார். "எனக்கு அது தோன்றவில்லை. அவள் கொடுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று, கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்." ஏன் இரண்டு நாணயம் என்று கேட்டேன். ஒன்று குழந்தைக்கு, இன்னொன்று அந்தக் குழந்தை வேறு யாருக்காவது கொடுப்பதற்கு என்றார். எந்தக் குழந்தையையும் வாங்குகிற இடத்திலேயே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது என்று அவர் மனைவி சொல்வாராம். பாயசம் கையில் ஆறிப்போயிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில், உறைந்த நடைபாதையில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள். ஃப்ளோரிடாவிலிருந்து மகன் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பூரிம் எப்போது என்று எதிர்வீட்டுப் பெண்மணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வங்கியில் முன்கூட்டியே சொல்லி அரை டாலர் நாணயங்கள் வரவழைத்தேன். எந்த வேஷம் வேண்டும் என்று மகளைக் கேட்டபோது, "மெயில் கேரியர்" என்றாள். "தாத்தா வாஸ் ஒன்." தபால்காரரின் நீலச் சட்டையும் தோளில் ஒரு துணிப்பையுமாக அவளைப் பள்ளியிலிருந்து நேராகக் காரில் அழைத்துப் போனேன்.

அவர் மிகவும் இளைத்திருந்தார். சக்கர நாற்காலியில் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அன்று என்ன நாள் என்பது அவருக்கு நினைவிருந்தது. நாணயம் இருந்த உறையை அவர் மடியில் வைத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் மகளிடம் திரும்பினேன். "தாத்தாகிட்டக் கையை நீட்டு கண்ணு" என்றேன். அவள் சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். நீட்டினாள். அவர் இரண்டு நாணயங்களை ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு, "உங்களுக்கும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருந்தார். ஒன்பது வயதில் மூடிய கையை முப்பத்தெட்டு வயதில் நீட்டினேன். பிற பெண்களைத் தொடக் கூடாது என்ற அவர்கள் வழக்கப்படி என் கையைத் தொடாமல், சற்று மேலிருந்து நாணயங்களை விட்டார். அவை ஒன்றோடொன்று மோதி விழுந்தன. அறையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் அவர் ஏழு வாரம் இருந்தார். வீடு திரும்பவில்லை. அவர் மகன் அந்த வீட்டை விற்றுவிட்டார், நாங்கள் எடிசனுக்கு மாறிவிட்டோம். அவரை நினைக்கும்போதெல்லாம் ஏனோ அந்த அறையைவிட, அதிலிருந்து கிளம்பி வந்தபோது நடந்ததுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

வாசலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டையையும் பையையும் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கையை நீட்டி, "எனக்கு ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டார். மகள் நின்றாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். அதில் கடிதம் ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தன் நாணயங்களில் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் பணம் கேட்கவில்லை என்று மகளிடம் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். மூதாட்டி நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி அதை மூடிக்கொண்டார். "நாளைக்கும் வருவாயா?" என்றார்.

மறுநாள் காலை மகள் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். பெயர் கேட்க மறந்துவிட்டோம். அதனால் உறையின் மேல் 'வாசலில் இருக்கும் பாட்டிக்கு' என்று போட்டு எடுத்துக்கொண்டு போனோம்.