அம்மாவின் சீட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

அந்த யோசனை எனக்குத் தோன்றியது போன வருஷம், எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், விடிந்தும் விடியாத ஒரு காலையில். அம்மா பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டாள். வண்டி நகர ஆரம்பித்த பிறகுதான், வழக்கம்போல, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"பாப்பா, மாவு ஃப்ரிட்ஜ்ல கீது! சட்னிக்கு உப்பு போடல, பாத்து போட்டுக்கோ!"

அம்மா என்னிடம் பேசுவதெல்லாம் ஓடுகிற ரயிலில் இருந்துதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திரும்பி வரும்போது இருட்டிவிடும். சாப்பிட்ட கையோடு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் எப்போதும் ரயிலில். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஓர் அம்மா வேண்டும் என்று டிகிரி கடைசி வருஷம் படிக்கிற பெண் ஏங்கினால் சிரிப்பார்கள். நான் ஏங்கினேன்.

அம்மாவுக்குப் பெங்களூரில் ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் பில் போடுகிற வேலை. அந்த முதலாளி ஒரு சலுகை அறிவித்திருந்தார். வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் உள்ளவர்கள் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே பில் போடலாம். ஆனால் உள்ளே இருப்பது எல்லாம் முறையானதாக இருக்க வேண்டும், திருட்டு சாஃப்ட்வேர் கூடவே கூடாது. தீபாவளிக்குள் சொல்லாவிட்டால் அந்த வாய்ப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். அம்மா இதை ஒரு ஜோக் மாதிரிதான் சொல்லியிருந்தாள். பிளாட்பாரத்தில் நின்றபோது எனக்கு அது ஜோக்காகத் தெரியவில்லை. அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவர ஒரே ஒரு கம்ப்யூட்டர் போதும்!

பெங்களூரில் பழைய கம்ப்யூட்டர் விற்கிற கடை ஒன்றை நானே போனில் தேடிப் பிடித்தேன். ஏதோ பெரிய ஆபீஸில் ஓடி ஓய்ந்த கறுப்புப் பெட்டி, கூட ஒரு மானிட்டர். அம்மா அதை ரயிலிலேயே கொண்டுவந்த நாள் ஆயுத பூஜை.

எங்கள் ரயிலில் ஆயுத பூஜை என்றால் தினமும் போய்வருகிறவர்கள் சேர்ந்து பெட்டிக்கே பூஜை போடுவார்கள். கம்பிகளில் வாழைக்கன்று, ஜன்னலெல்லாம் சாமந்தி, எல்லோருக்கும் பொரி கடலை. அன்று வண்டி வந்து நின்றதும் அம்மாவின் ரயில் சிநேகிதிகள் நாலைந்து பேர் அந்தக் கறுப்புப் பெட்டியைப் பிள்ளையைத் தருவதுபோல என் கையில் இறக்கினார்கள்.

"இந்தா, உன் தம்பி! பத்தரமா பாத்துக்க."

"பழசுன்னு உங்கம்மா மூஞ்ச தூக்கி வெச்சிகினா. அதான் பொட்டு வெச்சி புதுசாக்கி உட்டோம்!"

பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். அம்மா அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே இறங்கினாள். பிளாட்பாரம் தாண்டியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது, அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் திரையின் மூலையில், இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு லைசன்ஸ் இல்லை என்று மங்கலான எழுத்து. ஆபீஸ் சாஃப்ட்வேரும் சில நாள் வேலை செய்துவிட்டுப் பணம் கட்டு என்றது. இரண்டையும் புதிதாக வாங்கினால் பெட்டியின் விலையைவிட அதிகம். கடைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. இணையத்தில் தேடினேன். வாழ்நாள் முழுக்க வேலை செய்யும் என்று சொல்லி, ஹோட்டல் சாப்பாட்டு விலைக்கு லைசன்ஸ் நம்பர் விற்கிறார்கள்! பணம் கட்டப் போனவள், கீழே வாங்கினவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு மாதத்தில் செத்துவிட்டது என்று ஒருவர், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்று இன்னொருவர். அம்மாவின் வேலையை வைத்துச் சூதாட மனசு வரவில்லை. தீபாவளியோ கிட்டே வந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அம்மா உப்பு, மாவு, கேஸ் என்று கத்திக்கொண்டே ரயிலோடு போனாள்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கடை. அதற்கு முன் அந்தக் கடைக்குள் நான் போனதில்லை. இருப்பதிலேயே மலிவான லைசன்ஸ் எது என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார்.

"இன்னாமா, மஞ்சத்தண்ணி ஊத்தி ஊர்கோலம் போய்ட்டு வந்தா மாதிரி கீது?"

"ஆயுத பூஜைக்கு ரயில்ல வெச்சாங்க அண்ணா."

"அதுக்கு அடியில இன்னா கீது?"

"தெரியாது. அம்மா தொடைக்கக் கூடாதுன்னாங்க."

அவர் ஈரத் துணியை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என் கையில் கொடுத்தார். "நீயே தொடை தாயி. அந்தப் பாவம் எனக்கு வாணாம்."

தயங்கித் தயங்கித்தான் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். இந்தப் பெட்டிக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் லைசன்ஸ் ஏற்கெனவே வாங்கியாயிற்று என்பதற்கான அத்தாட்சி! கறுப்புப் பெட்டியில் வெள்ளையாக இருந்த ஒரே இடம் அதுதான். பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பெண்களுக்குக் கிடைத்திருக்காது.

"வித்தவன் அவசரத்துல ஆபரேட்டிங் சிஸ்டத்துல வேற ரகத்த ஏத்தி உட்டுகிறான். இந்த ஸ்டிக்கர்ல சொன்ன ரகத்த ஏத்தினா போதும்" என்று அதையே ஏற்றினார். ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு, இலவசமாகவே, சட்டப்படியே கிடைக்கிற ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அம்மாவின் ஆபீஸ் பில் ஒன்றை அதில் திறந்து பார்த்தேன். ஒரு கட்டம் மட்டும் கோணிக்கொண்டு நின்றது, நானே சரிசெய்துவிட்டேன். திரையின் மூலை சுத்தமாக இருந்தது. வேலை முடிந்தது என்பதைக் கன்னடத்தில் "ஆயித்து" என்று சொல்லிக் கடைக்காரர் கையைத் தட்டிக்கொண்டார்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்க புதுசு ஒண்ணு வித்திருக்கலாமே அண்ணா?"

"வித்திருக்கலாம். ஒரு தபா வாங்கினத இன்னொரு தபா வாங்க வெக்கறதா? போம்மா, ஆட்டோ போய்டப் போவுது." வேலை செய்த கூலிக்கு மேல் எதுவும் வாங்கவில்லை.

முதலாளி ஒப்புக்கொண்டார். தீபாவளி கழிந்த முதல் திங்கட்கிழமை, அம்மா வீட்டில்! ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் தள்ளி ஒரு புதுப் பொட்டு வைத்தாள். ஆபீஸ் போவதுபோலவே புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நான் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, தோசை ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். நான் எத்தனையோ நாள் கனவு கண்ட காலை அது.

தூரத்தில் ரயில் ஊதியது. அம்மாவின் விரல்கள் நின்றன. கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. ஜன்னலோரத்தில் காலி சீட்டு, அதன்மேல் ஒரு கர்சீப். வண்டி கிளம்புகிற மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள், அடுத்த ஸ்டேஷன்களில் ஏறுகிறவர்களுக்கு அப்படித்தான் இடம் பிடித்து வைப்பார்கள். படத்தோடு ரயில் சிநேகிதி ஒருத்தியின் குரலும் வந்தது.

"ஏ பில்லு மகாராணி! நீ வர மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் பங்காருபேட்டை ஸ்டேஷன் வரிக்கும் உன் சீட்டுல எவளையும் உக்கார உடல. அப்பறம் எவனோ ஒருத்தன் வந்து கொறட்ட உட்டுகினு வரான், கேளு!"

நிஜமாகவே குறட்டை கேட்டது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ஆயுத பூஜை அன்று பிளாட்பாரம் தாண்டியதும் நின்றுபோன அதே சிரிப்பு. திரும்பவும் போட்டுக் கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னாமா?"

"ஒண்ணுமில்ல. இந்நேரம் ரயில்ல எவளாவது அவரைக்காய உரிக்க ஆரமிச்சிருப்பா. அப்பல்லாம் நான்தான் கதை சொல்வேன்."

அடுப்பை அணைத்தேன். ரயில் அம்மாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அம்மா கதை சொல்வாள் என்பதே எனக்குத் தெரியாது.

இப்போது எனக்கு லீவு. வருகிற வியாழக்கிழமை அம்மா ஆபீஸ் போகிற நாள். நானும் கூட வருகிறேன், எனக்கும் ஒரு கர்சீப் போடச் சொல்லு என்றேன்.

"உனக்கு ஏது சீட்டு? நின்னுகினு வா" என்றாள் அம்மா.

அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஏங்கிய எனக்கு, இப்போது அந்த ஜன்னலோரத்தில் கதை சொல்கிற அம்மாவை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஏக்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை போகிறேன், பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே.