தட்டாமல் திறந்த கதவு

நம்புகிறவர்கள் நம்பட்டும். இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ஹரிதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நடந்தது நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் தேரூரில், போன ஆடி அமாவாசை அன்று.

ஹரிதா ஆராய்ச்சி செய்வது ஹிட்டைட் மொழியில். துருக்கி மண்ணில் மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு பேசி, இப்போது களிமண் பலகைகளில் மட்டும் மிஞ்சிக் கிடக்கும் மொழி. "பேச ஆளே இல்லாத பாஷைய எவன்கிட்டட்டி பேசப் போற?" என்று அம்மா மீனாட்சியம்மாள் கேலி செய்வாள்.

ஒரு பலகையில் இருந்த ஒரே ஒரு சொல் ஹரிதாவை ஆறு மாதமாகப் படுத்தி எடுத்தது. வேறெங்குமே வராத சொல். 'கிழவி செத்தவனுக்கு ரொட்டி வைக்கிறாள். கதவை அடைக்கிறாள். கதவை ... பிறகு திறக்கிறாள்.' நடுவில் பொருள் தெரியாமல் நின்றது அந்தச் சொல்தான். கதவுக்கு எண்ணெய் தடவுகிறாள் என்று எழுதியிருந்தார்கள் அறிஞர்கள். ஹரிதாவுக்குச் சிரிப்பு வந்தது. தட்டுகிறாள்! அவள் வீட்டில் வருடந்தோறும் நடக்கிற காரியம்தானே.

அன்றும் நடந்தது. அப்பா ஆறுமுகப்பெருமாள் இறந்து ஒன்றரை வருடம். நடு அறையில் அவருக்கு இலை போட்டு, பிரியமான ரசவடையும் பாயசமும் வைத்து, உட்கார மணையும் போட்டு, அம்மா கதவைச் சாத்தினாள்.

"மூணு தட்டு தட்டாம திறந்திராத மக்கா. அவங்க எழும்பிப் போவணும்லா? பாதியில திறந்தா தனியா போமாட்டாங்க."

சொல்லிவிட்டு, காக்கைக்குச் சோறு வைக்கப் பின்வாசலுக்குப் போனாள்.

மணி 12.38. வழிகாட்டிப் பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன் பெங்களூரிலிருந்து போனில் கூப்பிட்டார். "ஒரு மணிக்குள்ள கட்டுரை போகணும். பலகை எண் எங்கம்மா?" எண் எழுதிய நோட்டு நடு அறை மேசையில் இருந்தது.

12.41. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே ஹரிதா கதவைத் திறந்தாள். 'தட்டுகிறாள்' என்று உலகத்துக்கு நிரூபிக்கிற அவசரத்தில், தட்ட மறந்துபோனாள்.

நோட்டை எடுத்தாள். திரும்பும்போதுதான் இலையைப் பார்த்தாள். ரசவடையில் பாதியைக் காணவில்லை. சன்னல் அடைத்தே இருந்தது. அறைக்குள் அப்பாவின் புகையிலை வாசம்... யாரோ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பது போலிருந்தது.

ஓசைப்படாமல் கதவைச் சாத்தினாள். போனில் எண்ணைச் சொன்னாள்.

12.55. அம்மா வந்து கதவின் முன் நின்றாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள். கை இன்னும் கதவில் படவில்லை.

டொக்... டொக்... டொக்.

உள்ளேயிருந்து.

அம்மா மெல்லத் திரும்பினாள். "ஏட்டி... நீ திறந்தியா?"

"இல்லம்மா."

ஏன் பொய் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியவில்லை. திட்டுக்குப் பயந்திருக்கலாம்.

அம்மா கதவைத் திறந்தாள். இலைக்கு முன்னால் போட்டிருந்த மணை...

கதவை ஒட்டிக் கிடந்தது.

அதிலிருந்து ஒன்பதாம் நாள். நடு அறைக்குள் போன அம்மா வெளியே வரவில்லை. அதே மணைமேல் தலைசாய்த்துக் கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர். ஹரிதா அவளைக் கண்ட நேரம் 12.41.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று, பேராசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். பலகையின் உடைந்த துண்டு ஒரு அருங்காட்சியகப் பெட்டியில் கிடைத்துவிட்டதாம். 'நீ சொன்ன பொருளே சரி. வாழ்த்துகள்!' கூடவே துண்டின் படம். அதில் இரண்டே வரிகள். ஹரிதா எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

'தட்டாமல் திறந்தால் அவன் தனியாகப் போகமாட்டான்.

திறந்தவள் உண்மையைச் சொல்லிவிட்டால் போய்விடுவான்.'