தொட்டால் நீயே சுற்று

சேகர், போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது கேவலமான பேச்சு. நீ கிளப் தலைவர் என்பதற்காக அதை மென்று விழுங்கிவிட்டுப் போக என்னால் முடியாது.

படிக்கிறவர்களுக்கு விஷயம் புரிய வேண்டும். மரக்காணம் பக்கம் கழுவேலி ஏரித் தண்ணீரில் எங்களுக்கு ஒரு பாய்ப்படகு கிளப் இருக்கிறது. எஞ்சின் இல்லாத சின்னப் படகு, ஒரு பாய்மரம், உள்ளே இரண்டு பேர், தூரத்தில் இருக்கும் மிதவையைச் சுற்றி வரப் போட்டி போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆரம்பித்தவர்கள் நாலு பேர். நான் ஒருவன், சேகர் ஒருவன். எனக்கு முட்டி வலி வந்து கரையேறிப் பல வருடம் ஆகிறது. போன ஞாயிறு ஏதோ தோன்றி அந்தப் பக்கம் போனேன்.

படகுக் கொட்டகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலிலேயே வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே போனதும் வலது பக்கச் சுவரைத்தான் பார்த்தேன். அங்கே சிவப்பு எழுத்தில் ‘தொட்டால் நீயே சுற்று’ என்று கோணல்மாணலாக எழுதியிருக்கும். இல்லை. சுவர் பால் போல வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் புது விதிகள். மிதவையைத் தொட்டதாக யாராவது வீடியோவோடு புகார் கொடுத்தால் மட்டும் விசாரிக்கப்படும் என்று அதில் ஒரு வரி.

“இன்னாடா இது?” என்று சேகரைக் கேட்டேன்.

“அதெல்லாம் அந்தக் காலம் மச்சான். இப்ப எவன்டா தானா ஒத்துக்கறான்? கேமரா கீது, அது பாத்துக்கும்” என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பேன். அவன் சுற்றி நின்ற புது மெம்பர்கள் பக்கம் திரும்பினான். “அப்ப ஒரு பொண்ணு இருந்துச்சிப்பா. ஜெயிக்கப் போற போட்டியில, எவனுமே பாக்காதப்ப, தானே சுத்தி தானே தோத்துச்சி. அவ்ளோ ஏமாளி!” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தப் பொண்ணுக்குப் பெயர் இருக்கிறது. எலிசபெத். எங்கள் நாலு பேரில் அவளும் ஒருத்தி.

பெயிண்ட் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஆனால் எனக்குப் படகு என்றால் கோழி எச்சத்தின் வாசனைதான். சிரிக்காதீர்கள், காரணம் உண்டு. இருபது வருடத்துக்கு முன்னால் சேகருக்கு விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. குயிலாப்பாளையத்தில் ஒரு தோட்டத்து மோட்டாரைக் கழற்றப் போனவன், முருகன் என்ற தச்சனின் வீட்டுக் கொல்லையில் இரண்டு படகுகள் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் முருகனுக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. முருகன் அவற்றுக்குள் கோழி அடைத்து வைத்திருந்தான்.

நான் திண்டிவனத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கடை திறந்தால் இருட்டும் வரை பேரிங், கிளட்ச் பிளேட், ஃபேன் பெல்ட். வருகிறவன் எல்லாம் அவனே தப்பான சாமானைக் கேட்டு வாங்கிப் போய், அவனே திரும்பி வந்து என்னைத் திட்டுவான். நானும் திட்டுவேன். என் வாய் அங்கேதான் இப்படி ஆனது. அந்தக் கடைக்கு ஒருநாள் சேகர் வந்து, “பழைய டியூப் கீதா? ஜல்தியா எடு. படகு ஓட்டப் போறோம், நீயும் வா” என்றான். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். “அதுக்குதான்டா டியூப்பு” என்றான்.

அப்படித்தான் போனேன். முதல் வருடம் முழுக்க டிராக்டர் டியூப்பை மார்பில் மாட்டிக்கொண்டு படகு ஓட்டியவன் நான். உப்பளக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான்தான் சினிமா. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் எனக்கு இருக்கிறது என்பதையே சேகர்தான் காட்டினான். பாயில் காற்று நிறையும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்து, கயிறு கையை இழுத்து, சத்தமே இல்லாமல் சர்ரென்று கிளம்பும். அந்த இழுப்பைக் கையில் வாங்கியவனுக்குத்தான் தெரியும். அதற்காக அவனுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். திட்டிக்கொண்டேதான் சொல்வேன்.

எலிசபெத் வந்தது அந்த உப்பளக் கரையிலிருந்துதான். அவள் அப்பா உப்பளத்தில் கூலி. அவள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். லீவுக்கு வந்தவள் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தாள். நாங்கள் சேற்றில் படகைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

“அண்ணா, காத்து அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிது. நீங்க இந்தப் பக்கம் பாயைக் கட்டிக்கினு நின்னா எப்பிடி போவும்?” என்றாள்.

“நீ ஏறிக் காட்டு” என்றான் முருகன், கிண்டலாக. சோற்றுத் தூக்கை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வந்து ஏறிவிட்டாள். அன்றிலிருந்து சுக்கான் அவள் கையில், நான் முன்னால் சின்னப் பாயோடு. இரண்டு படகு, இரண்டிரண்டு பேர். கிளப் பிறந்துவிட்டது.

மிதவை என்று நாங்கள் வைத்திருந்தது மஞ்சள் எண்ணெய் டின். அடியில் கல் கட்டி, மேலே மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி. கரையிலிருந்து கிளம்பி, வடக்கே இருக்கும் டின்னைச் சுற்றி, திரும்ப வர வேண்டும். மழை முடிந்த மார்கழியில் டின் அழகாக மிதக்கும். மாசியில் தண்ணீர் வற்றி, டின் சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்போதும் விடாமல் அதைச் சுற்றுவோம். படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை சேற்றைக் கிழித்துக்கொண்டு வரும்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகோ பாயோ, எது டின்னில் பட்டாலும் பட்டவனே ஒரு முழு வட்டம் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அந்த வெளிநாட்டுக்காரரிடம் கேட்டதாக முருகன் இதை எங்களுக்குச் சொன்ன நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“தொட்டா தானே சுத்திக்கணுமாம்.”

“எவன் பாத்து சொல்றது?” என்று கேட்டேன்.

“எவனும் பாக்கறதில்லயாம். அம்பயரே கெடயாதாம்.”

விழுந்து விழுந்து சிரித்தோம். கபடியில் கை பட்டதா இல்லையா என்று மண்டை உடைத்துக்கொள்ளும் ஊர் எங்களுடையது. ‘தொட்டியா?’ என்று கேட்டால் ‘நீ பாத்தியா?’ என்றுதான் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியும். இது நடக்கிற காரியமா என்றுதான் நினைத்தோம். நடந்தது. ஏன் என்று எனக்கு இப்போதும் விளக்கத் தெரியாது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் பொய் சொல்ல ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதிலும் நாங்கள் அளவு தெரியாமல் போனோம். சேகர் ஒருமுறை டின்னில் இடித்தான். வட்டம் போட்டான். அந்த வட்டத்திலேயே மறுபடி டின்னில் இடித்தான். அதற்கொரு வட்டம். அதிலும் இடித்தான். நாங்கள் கரைக்கு வந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தோம், அவன் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தான். எலிசபெத்தின் அப்பா வரப்பிலிருந்து கத்தினார்: “இன்னாப்பா, படகுக்கு சாமி வந்துடிச்சா? வேப்பலை எட்தாரவா?”

அந்த வேர்க்கடலை எலிசபெத்தின் அம்மா அவித்துக் கொடுத்து அனுப்புவது. “மல்லாட்டை சூடா கீது, துன்னுட்டு அப்பறம் சண்ட போடுங்க” என்பார். சண்டை நிறைய இருந்தது. யார் பாயைக் கிழித்தது, யார் கயிற்றை நனைந்தபடியே சுருட்டி வைத்தது, எல்லாவற்றுக்கும் சண்டை. டின்னைத் தொட்டதற்கு மட்டும் சண்டையே வந்ததில்லை.

மூன்றாவது வருடம் ஐந்து படகு சேர்ந்துவிட்டது. அப்போதுதான் சென்னையில் ஒரு கடல் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரு ஜோடி வரலாம் என்று அழைப்பு வந்தது. யார் போவது என்பதற்கு எங்களுக்குள்ளேயே ஒரு போட்டி.

எலிசபெத்துக்கு அது சாதாரண ஆசை இல்லை. பிறந்ததிலிருந்து கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒருநாளும் போகாதவள். “பொம்பளப் புள்ள கடல்ல இறங்கறதா?” என்று அவள் அப்பா சொன்னால் அதோடு முடிந்தது. சென்னைப் போட்டி என்றதும் அவரே இறங்கி வந்து, “சரி, ஒருவாட்டி போய்க்கினு வா” என்றுவிட்டார். அவள் ஆஸ்பத்திரியில் டூட்டி மாற்றி வாங்கிவிட்டாள். வெள்ளை கேன்வாஸ் ஷூ ஒன்று வாங்கி வந்து என்னிடம் காட்டினாள். “அங்க எல்லாரும் போட்டுக்கினு இருப்பாங்கண்ணா. நாம மட்டும் வெறுங்காலோட போனா நல்லா இருக்காது.”

போட்டியன்று நல்ல வாடைக்காற்று. கடைசிச் சுற்றில் நாங்கள்தான் முன்னால். பின்னாலேயே சேகரும் முருகனும். டின்னைச் சுற்றித் திரும்பினோம். பாய்க்கு அடியில் குறுக்கே ஒரு கட்டை இருக்கும், திரும்பும்போது அது வெளிப்பக்கம் போகும். நான் முன்னால் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சென்னையே தெரிந்தது.

“அண்ணா, ஒரசிடிச்சி” என்றாள்.

“இன்னாது?”

“கட்டை. கொடித்துணியில.”

“எனக்குத் தெரியலயே!”

“எனக்குத் தெரியுது. கயித்துல வந்திச்சி.”

அவ்வளவுதான் பேச்சு. பின்னால் வந்தவர்களுக்கு எங்கள் பாய் மறைத்திருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு டின்னே ஒரு புள்ளி. அவள் கையில் இருந்த கயிற்றில் ஒரு சின்ன அதிர்வு வந்தது, அதற்கு அவள் மட்டும்தான் சாட்சி. சுக்கானைத் திருப்பினாள். படகு காற்றில் மூக்கை நுழைத்து, பாய் படபடவென்று அடித்து, முழு வட்டம் சுற்றி முடிப்பதற்குள் சேகர் படகு எங்களைத் தாண்டிப் போனது. ஒரு படகு நீளத்தில் தோற்றோம்.

எனக்கு வந்த கோபத்தில் கரை வரை வாயைத் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கோபம் என்று தெரியும்.

கரையில் சேகர் ஓடி வந்தான். “ஏன் சுத்தின? நாங்க ஒண்ணும் பாக்கலயே!”

“நீங்க பாக்கறதுக்கா சுத்தினேன்?” என்றாள் எலிசபெத்.

சேகர் முருகனைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, “நீ போ எலிசா. நாங்க போவல” என்றான். உண்மையாகவே சொன்னான், அதையும் நான் மறைக்க மாட்டேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். “ஜெயிச்சவங்க போங்க. பேஜாரு பண்ணாதீங்க. எனக்கு அடுத்த வருசம் இருக்குது” என்றாள்.

அடுத்த வருடம் இல்லை. அந்தக் கோடையிலேயே ஒப்பந்தம் முடிந்து, சேலத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கல்யாணம், குழந்தை, நைட் ஷிஃப்ட். கடல் மேல் அவள் இன்றுவரை போனதில்லை.

சேகர் சென்னைக்குப் போய் அலையில் வாந்தி எடுத்து, கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தான். திரும்பி வந்த அன்றைக்கே தன் கடையிலிருந்து சிவப்பு பெயிண்டை எடுத்து வந்து, அந்த மூன்று வார்த்தையைச் சுவரில் எழுதினான். யாரும் சொல்லவில்லை. அவனே எழுதினான். எழுதும்போது அவன் கண் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன்.

இன்று அங்கே எல்லாம் மாறிவிட்டது. டின் போய் ஆரஞ்சு நிறக் காற்றுப் பந்து வந்திருக்கிறது. வரப்பில் நின்று கத்த எலிசபெத்தின் அப்பா இல்லை. முருகன் கோயம்புத்தூரோடு போனவன் போனவன்தான். இதெல்லாம் போகும். இதற்கெல்லாம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போன ஞாயிறு உன் பேச்சைக் கேட்ட பிறகும் நான் கரையில் உட்கார்ந்து முழுப் போட்டியையும் பார்த்தேன், சேகர். பன்னிரண்டு படகு. நெருக்கியடித்துக்கொண்டு பந்தைச் சுற்றின. ஒன்றுகூட வட்டம் போடவில்லை. அத்தனை படகில் ஒன்றுகூடவா தொடவில்லை?

கிளப் ஆண்டு விழாவுக்கு எலிசபெத்தை நான் அழைத்திருக்கிறேன். போனில் கேட்டதும், “வர்றேண்ணா, சேகரண்ணா நல்லா இருக்காரா?” என்றுதான் கேட்டாள். நீங்கள் சிரித்ததை நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

அன்று நீ மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். சிரித்த பையன்களும் இருப்பார்கள். அவர்கள் எல்லார் காதிலும் விழும்படி எனக்கு ஒரே பதில் சொல், சேகர். எலிசபெத் அன்று சுற்றியது ஏமாளித்தனமா, இல்லையா?