திட்டைச் சுமந்து போன அமீனா பீ

அமீனா பீயின் பெயருக்கு நேரே, "வாயாடி, எச்சரிக்கப்பட்டாள்" என்று ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் ஒரு வரி இருந்தது. எழுதியவன் யாரென்று அவளோடு வேலை பார்த்த தங்கவேலுக்குத் தெரியும். வருஷம் பல ஆகியும் அந்த ஆளுக்கு அவர் ஒரு வணக்கம் வைத்ததில்லை. அந்த வாயால் பிழைத்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாதே, அதுதான் ஆத்திரம்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், மெட்ராஸில் கோட்டூர் ஆற்றங்கரையில் பெரியம்மை கண்டவர்களுக்கென்று ஓலைக்கொட்டகை போட்டார்கள். அங்கே ஆயா வேலைக்கு வந்த மயிலாப்பூர்க்காரி அமீனா பீ. சின்ன வயதிலேயே அம்மை வார்த்து முகமெல்லாம் தழும்பு. இனி நமக்கு வராது என்ற தெம்பு. தங்கவேல் தெருத்தெருவாய்ப் போய் அம்மைப்பால் குத்துகிறவர். குத்தினால் வராது, குத்தாவிட்டால் வரும், இதில் பேச்சு எதற்கு என்பது அவர் கட்சி.

ஆறாம் கட்டிலில் அய்யாதுரை. தியாகராய நகர் ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிறவர், தெற்கத்திக்காரர். முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தன. மூன்று நாளாய்க் கஞ்சியைத் தொடவில்லை.

"எல்லார் வீட்டு ஆளும் கொட்டகை வேலிப் பக்கம் வந்து பேசிட்டுப் போறாக. எம் பொஞ்சாதி வரலை. எங்கிட்டேருந்து ஒட்டிச் செத்திருப்பா. நீங்க மறைக்கிய."

டாக்டர் பிரமை என்றார். தூங்க மருந்து கொடுத்துப் போனார்.

அமீனா பீ தங்கவேலைப் பிடித்தாள். "நைனா, அந்த ஊட்டாண்ட போனியா?"

"நேத்தே போனேம்மே. அவ நல்லாத்தான் கீறா. வாசல்ல வேப்பிலை, உள்ள ரெண்டு பொண்ணுங்க. அம்மன் ஊட்ல கீறப்போ குத்தக்கூடாதாம், வாசப்படி தாண்டக்கூடாதாம். தொரத்திட்டா."

"அட, இதான் சங்கதியா! திரும்பிப் போ. புருசன் துன்னலைன்னு சொல்லு. அவ இன்னா சொன்னாலும் ஒரு சொல்லு கொறையாம கொண்டா."

தங்கவேல் முணுமுணுத்துக்கொண்டே போனார். மனைவி பொன்னுத்தாய் கதவிடுக்கில் நின்று வெளுத்து வாங்கினாள். அதை அப்படியே வந்து ஒப்பித்தார். அமீனா பீ ஆறாம் கட்டிலில் குனிந்து, தன் மெட்ராஸ் நாக்கில் அந்தத் தெற்கத்திப் பேச்சைப் பேசினாள்:

"தாளிப்புகூட இல்லாம, வாசல் தாண்டாம நான் கெடக்கேன், அவுகளுக்கு அங்க கஞ்சி எறங்கலியாக்கும்? தலைதீபாவளிக்கு வேட்டிக்கரை சிறுசுன்னு எலைய விட்டு எந்திரிச்ச மனுசன்தானே! வரட்டும், பேசிக்கிடுதேன்."

அய்யாதுரையின் வீங்கிய உதடு அசைந்தது. "அவளேதான்" என்றார். வேட்டிக்கரை விஷயம் வேறு எவருக்குத் தெரியும்? சிரித்தார், வலித்தது, மறுபடி சிரித்தார். கஞ்சி இரண்டு குவளை உள்ளே போனது.

பிறகு அவரே பதில் சொல்லி அனுப்பினார்: "அம்மன் எங்கூடல்லா இங்க இருக்கா. வீட்டுல ஏது? மூணு பேரையும் கைய நீட்டச் சொல்லுங்க."

தங்கவேல் அதை ஒரு சொல் மாற்றாமல் சொன்னார். பொன்னுத்தாய் கொஞ்சம் யோசித்தாள். பிறகு முதலில் தன் கையையே நீட்டினாள். மூன்று பேருக்கும் அம்மை வரவில்லை. அய்யாதுரை முகத்தில் தழும்போடு, தன் காலால் நடந்து வீடு போனார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், நாற்பத்தெட்டில், அமீனா பீ நெஞ்சுவலியில் வீட்டில் படுத்தாள். முந்தின நாள் வரை அம்மைக் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். பார்க்கப் போன தங்கவேலை அருகே உட்காரச் சொன்னாள்.

"ரெண்டாம் கட்டில்ல சிந்தாதிரிப்பேட்டை இனாயத் கீறான், மூஞ்சைச் செவுத்தாண்ட திருப்பிக்கினு. அவன் அம்மாவாண்ட போயிட்டு வா. திட்டினா திட்டினபடியே கொண்டாந்து குடு. எல்லாம் சவுக்கியம்னு மட்டும் சொல்லிடாத நைனா, அத்த எவனும் நம்பமாட்டான்."