வேலியோரத்துக் குடைவேல்

எங்கள் வேலியோரத்தில் நின்ற முள்மரத்துக்கு விதை ஊன்றியவள் நான்தான். ஆனால் அது முளைத்தது என் கோபத்தால். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நடந்தது.

மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டியை ஒட்டிய சந்தில் எங்களுக்கு டோபி வேலை. வீட்டுக்காரர் வெளுப்பார், நான் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவேன். அது மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளைத் தேடுவதற்கு வெள்ளைக்காரன் எங்கிருந்தெல்லாமோ பட்டாளம் கொண்டுவந்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பட்டாளம் ஒன்று கொஞ்ச நாள் எங்கள் பக்கம் முகாம் போட்டிருந்தது. அவர்கள் உடுப்பு எங்களிடம் வெளுக்க வரும். ஒருநாள் ஒரு கால்சட்டைப் பையைத் துழாவினால், முறுக்குப் பிழிந்ததுபோல் சுருண்டு காய்ந்த நெற்று ஒன்று கிடந்தது.

எறியாமல் எடுத்து வைத்தேன். துணி வாங்க வந்த சிப்பாயிடம் அதை நீட்டியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவனுக்குத் தெரிந்தது நாலே மலாய் வார்த்தை. அதனால் கையை விரித்துத் தலைக்கு மேல் குடை பிடித்துக் காட்டினான். 'மே' என்று ஆடுபோலக் கத்தினான். அப்புறம் நெஞ்சில் கை வைத்து, "மாமா" என்றான். இவன் மாமன் ஆடு வளர்க்கிறானா என்று நான் விழித்தேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரிக் கையை ஆட்டினான். அட, அம்மா! அவர்கள் ஊரில் அம்மாவைத்தான் மாமா என்பார்களாம். குடைபோல விரிந்த மரம், அதன் நிழலில் அவன் அம்மாவின் ஆடுகள். போகும்போது நெற்றை ஒடித்துப் பாதியை எனக்குத் தந்தான். சீக்கிரமே அந்தப் பட்டாளம் கிளம்பிவிட்டது. அப்புறம் அவனை நான் பார்க்கவில்லை.

விதையை வேலியோரம், அடுப்புக்கரியும் செங்கல் உடைசலும் கொட்டிய மேட்டில் ஊன்றினேன். ஊன்றினால் முளைக்க வேண்டாமா? கல்லாட்டம் கிடந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள், "போ, நீயுமாச்சு, உன் மரமுமாச்சு" என்று துணி வேகவைத்த கொதிதண்ணீரை அதன் தலையிலேயே கவிழ்த்துவிட்டேன். கொஞ்ச நாளில் முளைத்துவிட்டது! கெட்டித் தோல் சுடுதண்ணீரில் இளகியிருக்கும் என்றார் வீட்டுக்காரர்; திட்டினால்தான் எதுவும் நடக்கிறது என்று நான் அவரிடம் கடைசிவரை சொல்லிக் காட்டினேன்.

ஆள் உயரம் வந்ததும் உச்சி தட்டையாக விரிந்தது. முள் இருக்கிறதே, ஒன்று ஊசியாக நீளும், இன்னொன்று கொக்கியாக வளையும். நேரே போனால் குத்தும், திரும்பினால் சேலையைப் பிடித்து இழுக்கும். வீட்டுக்காரர் ராமநாதபுரத்துக்காரர். பார்த்ததும், "அட, எங்க ஊரு குடைவேல் மாதிரில்ல இருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பேர்தான். "ஏய், குடைவேல்கிட்ட வேட்டியக் காயப்போடாதேன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று அவர் கத்துவது சந்துக்கோடி வரை கேட்கும்.

வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவுக்கும் கேட்டிருக்கிறது. அவர் செட்டி வீட்டுப் பெண்; எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவிலேயே ஊறிப்போன குடும்பம். மலாய்ப் பெண்கள்போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். பேச்செல்லாம் அவர்களுடைய மலாய். சாமி பேரும் உறவுமுறையும் விட்டால் தமிழில் அதிகம் தெரியாது. அவர் சொன்னதையெல்லாம் நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். கணவர் இல்லை, ஒரே மகன். அவன் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து காட்டுக்குள் போயிருந்தான். சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அக்காவுக்கோ மகனிடமிருந்து தகவலே இல்லை, அவன் உயிரோடு வருவானா என்பதுதான் கவலை.

ஒரு காலையில் பார்த்தால், வேலி இடுக்கில் கையை விட்டு, மரத்தடியில் ஒரு செம்பருத்தியை வைத்து, செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்னக்கா இது?"

"உங்க வீட்டுல சொல்றாங்களே தங்கச்சி, போக்கோ வேல்னு! முருகன் வேல். எத்தன வேல் முளைச்சிருக்கு பாரு!" என்று முள்ளைக் காட்டினார். போக்கோ என்றால் மரம். குடை காற்றோடு போய், வேல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிப்போனது. மகனுக்காக வேண்டி நிற்கிறவரிடம், இது வேலமரத்து வேல், முருகன் வேல் இல்லை என்று வியாக்கியானம் பண்ணவா? இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையும் மாலையும் தண்ணீர், வெள்ளிக்கிழமை பால் வேறு. போதாததற்கு மலாக்கா மழை. இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. "வறண்ட மண்ணுல நிக்கிற மரம், வேர்ல தண்ணி நின்னா அழுகிப்போயிரும்" என்றார் வீட்டுக்காரர். அக்காவோ பழுத்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு, "என் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று நடுங்கி, இன்னும் ரெண்டு செம்பு ஊற்றினார். மரம் பட்டுப்போனால் மகனும் போய்விட்டான் என்றே முடிவுகட்டிவிடுவார்.

"அக்கா, வேல் இப்ப புவாசா. தண்ணி ஊத்தக் கூடாது, பூ மட்டும் வைங்க" என்றேன். பகலில் பச்சைத்தண்ணீரும் குடிக்காத நோன்புக்கு மலாய்க்காரர்கள் சொல்வது புவாசா. வேறு எப்படிச் சொன்னாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். உடனே செம்பைக் கீழே வைத்துவிட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மரம் தேறியது, நுனியில் பச்சை விட்டது. அக்காதான் வாடினார். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, ஒரு மத்தியானம் வேலியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். செம்பில் தண்ணீரோடு ஓடினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறார்.

"வேல் புவாசா இருக்கே. அது குடிக்காதப்ப நான் குடிக்கலாமா? பொழுது சாஞ்சப்புறம் குடிச்சுக்கிறேன்."

கடவுளே! பயத்தில் கத்திவிட்டேன். "இது முருகனும் இல்ல, வேலும் இல்ல! ஆப்பிரிக்காவுல ஆடு மேயுற முள்ளுமரம்! பட்டாளத்துக்காரன் பையில கிடந்த விதைக்கா!" நெற்று, சிப்பாய், 'மே' என்ற கத்தல், மாமா என்றால் அம்மா, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன். இனிமேல் என் முகத்தில் முழிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அக்கா வேலி இடுக்கில் கையை விட்டு ஒரு முள்ளைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த மாமா இப்படி ஒரு மரத்தடியிலதான் ஆடு மேய்ப்பாங்களா?"

"அப்படித்தான் சொன்னான்."

"அவனையும் நம்ம காட்டுக்குள்ளதான் அனுப்புனாங்களா?"

"ஆமாக்கா."

"வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா?"

"தெரியலையே" என்றேன்.

செம்பை என் கையிலிருந்து வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு மெல்ல எழுந்துபோய் இன்னொரு செம்பருத்தி பறித்து வந்து, காலையில் வைத்த பூவுக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாளிலிருந்து தினமும் இரண்டு பூ. தண்ணீர் ஊற்றவில்லை.

சுதந்திரக் கொடி ஏறிய பிறகு ஒருநாள் மகன் வந்து இறங்கினான். மெலிந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான், ஆனாலும் உயிரோடு வந்தான். சந்தே அவர் வீட்டில் கூடிவிட்டது. அக்கா அவன் முகத்தைத் தடவித் தடவி அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

மறுநாள் காலையில் துணி காயப்போடப் போனால், அக்கா வேலியோரத்தில் குனிந்து நிற்கிறார். கையில் ஒரே ஒரு செம்பருத்தி.

"அதான் உங்க பிள்ளை வந்துட்டானேக்கா?"

"என் பிள்ளை வந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே, முள் படாமல் கையை உள்ளே விட்டுப் பூவை வைத்தார். "அந்த மாமாவோட பிள்ளை?"